வயலினுக்கு ஏற்ற தந்தி

(நமது சங்கத்தின் இசைப் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பெரிய விடயங்கள் பேசப்படும் இம்மேடையிலே நான்கு கம்பித் துண்டுகளைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றேன். இது ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின், நம் ஊரிலே வயலின் பழகத் தொடங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் இரண்டு மூன்று வருடங்களுக்குள் அதனை மூடிப் பெட்டியில் வைத்து விடுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். பிள்ளை வில்லை இழுக்கின்றது. கீச்சென்ற ஒலி எழுகின்றது. வீட்டிலுள்ளோர் முகத்தைச் சுளிக்கின்றனர். "இவனுக்குச் சங்கீத ஞானம் கிடையாது" என்று யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லி விடுகின்றார். பிள்ளையும் அதை நம்பி விடுகின்றது. அந்தத் தீர்ப்புக்கு முன்னர் அவ்வயலினிலே பூட்டியிருந்த தந்திகள் எத்தகையன, எத்தனை வருடம் பழையன, எந்தச் சுருதிக்கென்று செய்யப்பட்டன என்று விசாரித்தவர் எவருமில்லை.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் முன்னோர் மொழி. தன் குறையைக் கருவியின்மேற் சுமத்துவோரை அது நன்றாகக் கண்டிக்கின்றது. ஆனாற் சில வேளைகளிலே கூடமும் உண்மையிற் கோணலாக இருப்பதுண்டு. ஆடுபவளைக் குறை கூறுமுன் கூடத்தை ஒரு முறை அளந்து பார்த்தல் நீதியாகும். அவ்வாறு அளந்து பார்க்கும் முறையையே இன்று சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

தந்தி செய்வதும் செய்யாததும்

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வயலினிலே நாம் கேட்கும் ஓசை தந்தியினின்று நேரே வருவதன்று. இரண்டு ஆணிகளுக்கிடையே ஒரு தந்தியை முறுக்கிக் கட்டி மீட்டிப் பாருங்கள். அருகிலிருப்பவருக்கும் அது செவ்வையாய்க் கேளாது. வயலினிலே வில்லானது தந்தியை அசைக்கின்றது. தந்தி குதிரையை அசைக்கின்றது. குதிரை மேற்பலகையை அசைக்கின்றது. பலகையும் வயிற்றினுள் அடங்கிய காற்றும் சேர்ந்து அதிர, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் ஓசை எட்டுகின்றது. ஆகவே தந்தி என்பது விதை, மரமே நிலம். விதை நல்லதாயினும் நிலம் கெட்டிருந்தால் விளைவில்லை. நிலம் நல்லதாயினும் பதர் விதைத்தால் அதுவும் வீணே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். குதிரை சரிந்து நின்றாலும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் சிறிய மரத்தூண் இடம் பெயர்ந்திருந்தாலும், ஓரங்களிற் பசை விட்டுப் பலகை பிளந்திருந்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த தந்தியும் அக்குறையை மாற்றாது என்பது ஒன்று. மரம் செவ்வையாக இருக்கும்பொழுது, தந்தியை மாற்றுவதே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் திருத்தம் என்பது மற்றொன்று.

மூன்று விதிகள்

பாடசாலையிலே பௌதிகம் படித்தவர்கள் சுரமானி என்னும் கருவியை மறந்திருக்க மாட்டார்கள். நீண்ட பெட்டியின்மேல் ஒரு கம்பி. அதன் ஒரு நுனியிலே நிறைகள் தொங்கும். நிறையைக் கூட்டினாற் சுரம் உயரும். நீளத்தைக் குறைத்தாலும் சுரம் உயரும். தடித்த கம்பியை இட்டாற் சுரம் தாழும். பிரான்சு தேசத்து மெர்சென் என்னும் துறவி 1636 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இவ்விதிகளைக் கணக்காக வகுத்துத் தந்தார். பரீட்சைக்காக மனனஞ் செய்த இவ்விதிகள் வயலின் தந்தி வாங்கும்போது உதவும் என்று அன்று நம்மில் எவரும் எண்ணியிருக்க மாட்டோம்.

முழு அளவு வயலினிலே, பிரடைப் பக்கத்து வரம்பிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். இந்நீளம் மாறாதது. ஆகவே ஒரு குறித்த சுரத்திற்கு நாம் மாற்றக்கூடியவை இரண்டே: தந்தியின் பாரமும் அதன் இழுவிசையும். இவற்றுள் ஒன்று மற்றதைத் தீர்மானிக்கின்றது. ஒரே தந்தியை எடுத்துக்கொண்டால், அது செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்னும் எண்ணின் வர்க்கத்திற்கு ஏற்ப இழுவிசை கூடும் அல்லது குறையும். இந்த "வர்க்கம்" என்ற சொல்லிலேதான் நம்முடைய இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது. அதனைச் சற்று விரிப்பேன்.

நமது சுருதியும் அவர்கள் சுருதியும்

வயலின் மேனாட்டிலிருந்து நமக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் சென்னையிலே ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்று கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராசா 1834 இலே தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கருவி நம்முடையதாயிற்று, அதனை வைக்கும் முறையும் வாசிக்கும் முறையும் நம்முடையவாயின. ஆனாற் கடையிலே விற்கும் தந்திகள் இன்றும் பெரும்பாலும் மேனாட்டுச் சுருதியையே மனத்திற்கொண்டு செய்யப்படுகின்றன.

நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையிலே காலைத் தோத்திரப் பாடல்களுக்கு வயலின் வாசிப்பார்கள். அதற்கு நான்கு தந்திகளையும் ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டுவார்கள். நாலாந் தந்தி செக்கனுக்கு 196 முறையும், மூன்றாந் தந்தி ஏறக்குறைய 294 முறையும், இரண்டாந் தந்தி 440 முறையும், முதலாந் தந்தி ஏறக்குறைய 659 முறையும் அதிரும். மாலையிலே சங்கீத வகுப்புக்குப் போனால், அதே வகைக் கருவியை ச, ப, ச, ப என்று கூட்டுவோம். காலையிலே கணீரென்று கேட்ட வயலின் மாலையிலே ஏன் சற்றுச் சோர்ந்து ஒலிக்கின்றது என்ற ஐயம் அப்பொழுதே என் மனத்தில் எழுந்தது. விடை கணக்கிலே கிடைத்தது.

ஐந்து கட்டைச் சுருதியை எடுத்துக்கொள்வோம். பெண் குரல்களுக்குப் பெரும்பாலும் இதனையொட்டிய சுருதியே வழங்கும். நாலாந் தந்தியும் மூன்றாந் தந்தியும் மேனாட்டார் கூட்டும் இடத்திலேயே நிற்கும். இரண்டாந் தந்தியும் முதலாந் தந்தியும் மாத்திரம் இரண்டு சுரத்தானம் கீழே இறங்கும். அதனால் அவ்விரண்டும் தம் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கின்றன. இது தாங்கக்கூடியதே.

இனி மூன்று கட்டைக்கு வாருங்கள். நாலாந் தந்தியும் மூன்றாந் தந்தியும் மூன்று சுரத்தானம் இறங்குகின்றன. இழுவிசையில் நூற்றுக்கு 29 பங்கு போய்விடும். இரண்டாந் தந்தியும் முதலாந் தந்தியும் ஐந்து சுரத்தானம் இறங்குகின்றன; அவற்றிலே நூற்றுக்கு 44 பங்கு போய்விடும். எட்டுக் கிலோகிராம் இழுவையிலே நிற்கவென்று செய்த முதலாந் தந்தி நான்கரைக் கிலோகிராமிலே நிற்கும். ஆண் குரலுக்கு ஏற்ற ஒன்று, ஒன்றரைக் கட்டைக்குக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தளர்ந்த தந்தி என்ன செய்யும்? வில்லைச் சற்று அழுத்தினாற் சுரம் அசையும். மேலும் அழுத்தினால் ஒலி நெரிந்து போகும். அழுத்தாமல் இழுத்தால் ஓசை காற்றுப்போல மெலியும். பிள்ளையின் கை இரண்டுக்கும் நடுவே தவிக்கும். "வில்லை நன்றாக அழுத்து" என்று ஆசிரியர் சொல்வார், அழுத்தினாற் கீச்சிடும். இதனையே நாம் ஞானமின்மை என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. நமது இசைக்குக் கமகமே உயிர். விரல் வழுக்கிச் செல்வதற்குத் தந்தி சற்று இளகியிருத்தல் வேண்டும். மேனாட்டார் இழுவையிலே விறைத்து நிற்கும் தந்தியில் நீண்ட ஜாருவைப் பிடிப்பது விரலுக்கு வருத்தம். ஆகவே நமக்கு வேண்டியது மிகு விறைப்புமன்று, மிகு தளர்ச்சியுமன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. அந்த நிலையைத் தேடுவதே தந்தி தெரிவின் இரகசியம்.

தந்தியின் வகைகள்

தந்திகளிலே மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. உள்ளிழை எதனால் ஆயது என்பதைக் கொண்டு இப்பிரிவுகள் அமைந்தன.

முதலாவது குடல்நரம்பு. ஆட்டின் குடலைப் பதப்படுத்தி முறுக்கிச் செய்வது. ஆங்கிலப் பெயரிலே பூனை இருப்பினும் பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல நூற்றாண்டுகளாக வயலினுக்கு இதுவே தந்தி. தாழ்ந்த சுரத்திற்கு வெறும் நரம்பு மிகத் தடித்துப் போவதால், 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றும் வழக்கம் உண்டாயிற்று. பருமன் கூடாமற் பாரம் கூடுவதற்கு இது நல்ல உபாயம். குடல்நரம்பின் நாதம் கனிந்தது, மனிதக் குரலை ஒத்தது என்பர். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரத்தினாற் சுருதி மாறும். நமது நாட்டு மாரி காலத்திலே அதனைச் சுருதியில் நிறுத்துவது பெரும்பாடு. புலால் மறுத்த நம் வீடுகளிலே அதனை விரும்பாதோரும் பலர். ஆகவே இன்று நம்மவர்க்கு இது ஏற்றதன்று.

இரண்டாவது உருக்கு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே முதலாந் தந்திக்கு நரம்பை விட்டு உருக்குக் கம்பியைப் பூட்டத் தொடங்கினர். இன்று எந்தச் செற்றை வாங்கினாலும் முதலாந் தந்தி பெரும்பாலும் உருக்கே. மற்ற மூன்றுக்கும் உருக்கு உள்ளிழையின்மேற் குரோம், வெள்ளி முதலிய உலோக நாடா சுற்றியிருக்கும். உருக்குத் தந்தி ஈரத்துக்கு அஞ்சாது, பூட்டிய சிறிது நேரத்திலேயே சுருதியில் நிற்கும், நீண்ட காலம் உழைக்கும், விலையும் குறைவு. ஒலி தெளிவானது, நேரானது. குறை யாதெனில், கூர்மையான குரலுடைய வயலினிலே இது காதைக் குத்தும். மேலும், பிரடையைச் சிறிது திருப்பினாலே சுருதி பெரிதும் மாறுமாதலால், தந்தியின் கீழ் நுனியிலே நுண்ணிய திருகாணி இருத்தல் அவசியம்.

மூன்றாவது செயற்கை உள்ளிழை. வியன்னா நகரிலே 1919 இல் நிறுவப்பட்ட தொமாஸ்டிக் கொம்பனியார், 1970 இலே "டொமினன்ற்" என்னும் தந்தியை வெளியிட்டனர். பெர்லோன் என்னும் ஒருவகை நைலோனே அதன் உள்ளிழை. குடல்நரம்பின் கனிவையும் உருக்கின் உறுதியையும் ஒருங்கே தர முயன்ற தந்தி இது. இன்று இவ்வகையிலே பல கொம்பனிகள் பல பெயர்களில் தந்தி செய்கின்றன. பூட்டிய முதல் சில நாட்கள் இது இழுபட்டுக்கொண்டேயிருக்கும். அடிக்கடி சுருதி கூட்ட வேண்டும். பின்னர் நிலைத்து நின்று இனிமையாக ஒலிக்கும். ஆயின் உருக்கினும் விரைவிலே பொலிவிழக்கும், விலையும் கூட.

யாருக்கு எது?

"எந்தத் தந்தி சிறந்தது?" என்று கடைக்காரரைக் கேட்பது, "எந்த மருந்து சிறந்தது?" என்று மருந்துக் கடையிலே கேட்பது போன்றது. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்கலாகாது. தந்தி வாங்கப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ளுங்கள்.

முதற் கேள்வி: எந்தச் சுருதி? ஒவ்வொரு வகைத் தந்தியும் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று பல பருமன்களில் வருவதுண்டு. உறையிலே "மீடியம்", "ஸ்ட்ராங்" என்றோ, ஜெர்மன் மொழியில் "மிட்டெல்", "ஸ்டார்க்" என்றோ அச்சிட்டிருக்கும். ஐந்து கட்டைக்கு வாசிப்பவருக்கு நடுத்தரம் போதும். மூன்று கட்டைக்கும் அதன் கீழும் வாசிப்பவர் தடித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாந் தந்தியின் நடுத்தரப் பருமன் பெரும்பாலும் 0.26 மில்லிமீற்றர். 0.27 ஐப் பூட்டினால் அதே சுரத்திலே இழுவிசை நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடும். தளர்ச்சியினால் இழந்தது முழுவதையும் இது மீட்டுத் தராது. ஒரு பகுதியையே தரும். ஆயினும் பழகுகின்ற கைக்கு அந்தச் சிறு பகுதியே பெரிய உதவி.

இரண்டாங் கேள்வி: வயலினின் குரல் எத்தகையது? சில கருவிகள் பிறப்பிலேயே கூர்மையானவை, சில மந்தமானவை. கூர்மையான கருவிக்குச் செயற்கை உள்ளிழைத் தந்தி கனிவைக் கொடுக்கும். மந்தமான கருவிக்கு உருக்குத் தந்தி தெளிவைக் கொடுக்கும். இனிப்புக்கு மேல் இனிப்பைக் கொட்டினால் திகட்டும். புளிப்புக்கு மேற் புளிப்பும் அவ்வாறே. இல்லாததைச் சேர்ப்பதே சமையல். தந்தித் தெரிவும் ஒரு சமையலே. நான்கு தந்திகளும் ஒரே உறையிலிருந்து வரவேண்டும் என்ற நியதியும் இல்லை. முதலாந் தந்தி மாத்திரம் காதைக் குத்தினால், அதனை மாத்திரம் மாற்றிப் பார்க்கலாம்.

மூன்றாங் கேள்வி: யாருடைய கை? தொடக்க வகுப்புப் பிள்ளைக்குச் சுருதி நிற்பதே முதற் தேவை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுருதி கலைந்தால் அதன் செவி எவ்வாறு பண்படும்? ஆகவே அதற்கு நல்ல உருக்குத் தந்தியே தக்கது. வட இலங்கைச் சங்கீத சபையின் மேல்தரப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாவோரும் கச்சேரி வாசிப்போரும் செயற்கை உள்ளிழையைப் பூட்டிப் பயன் பெறலாம். வில்லின் நுட்பம் கைவந்த பின்னரே அத்தந்தியின் நுட்பம் வெளிப்படும். கை அதிகம் வியர்ப்பவர்கள் அலுமினியம் சுற்றிய தந்தியிலும் பார்க்கக் குரோம் சுற்றியதை நாடுதல் நன்று. வியர்வை அலுமினியத்தை விரைவிலே அரித்துவிடும்.

சிறு பிள்ளைகளின் அரை அளவு, முக்கால் அளவு வயலின்களுக்கு அவ்வவ்வளவுக்கு உரிய தந்தியையே வாங்க வேண்டும். முழு அளவுத் தந்தியை வெட்டிச் சுருக்கிப் பூட்டுவோர் உளர். நீளம் குறைந்த இடத்திலே அதே தந்தி அதே சுரத்துக்கு மேலும் தளர்ந்தே நிற்கும் என்பது மேற்சொன்ன விதியினின்றே விளங்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். தந்திகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே பணத்தை எடுக்குமுன் சிலவற்றைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

தந்தியை முதலில் உலர்ந்த துணியினால் நன்றாகத் துடையுங்கள். வில்லுக்குப் பூசும் றொசின் தூள் குதிரைக்கு அருகே தந்தியிற் படிந்து இறுகிப் போயிருக்கும். அதனை நீக்கிய மாத்திரத்திலே ஓசை திருந்துவதும் உண்டு. வில்லின் மயிர் தேய்ந்து வழுவழுப்பாயிருந்தாற் புதுத் தந்தியும் கீச்சிடும். ஆதலின் வில்லையும் பாருங்கள்.

அடுத்து, தந்தியை விரலால் தடவிப் பாருங்கள். மேற்சுற்று எங்கேனும் பிரிந்தோ, விரல் பதியும் இடத்திற் பள்ளம் விழுந்தோ, துருப் பிடித்தோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத தேய்வைச் செவியினாற் காணலாம். தந்தியின் சரி நடுவிலே விரலை மெல்லத் தொட்டு வில்லை இழுத்தால், புல்லாங்குழல் போன்ற மெல்லிய மேல்ஸ்தாயிச் சுரம் எழும். பின் அதே இடத்தில் விரலை அழுத்தி வாசியுங்கள். இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். தெளிவாக வேறுபட்டாற் தந்தியின் பாரம் ஓரிடத்தில் ஒன்றாயும் மற்றோரிடத்தில் வேறாயும் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய தந்தியிலே சரியான இடத்தில் விரல் வைத்தாலும் சுரம் பிழையாகவே பேசும். அதிலே பழகும் பிள்ளை பிழையான இடத்தையே சரியென்று கற்றுக்கொள்ளும். பழைய தந்தியினால் வரும் பெருந் தீங்கு இதுவே என்பேன்.

புதுத் தந்தி பூட்டும்போது நான்கையும் ஒருங்கே கழற்றாதீர்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவையினாலே குதிரையையும் உட்தூணையும் நிலையில் நிறுத்தி வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே தளர்த்தினாற் குதிரை விழும், உட்தூணும் சாயக்கூடும். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்திற் புதியதைப் பூட்டி, ஓரளவு சுருதிக்கு ஏற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுக. தந்தி படியும் பள்ளங்களிலே பென்சிற் கரியைச் சிறிது தடவினாற் தந்தி தடையின்றி வழுக்கிச் செல்லும். சுருதி ஏற்றும்போது குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். அவ்வப்போது அதனை நிமிர்த்தி விடுக. பூட்டிய திகதியையும் தந்தியின் பெயரையும் பருமனையும் ஒரு சிறு கொப்பியிலே குறித்து வையுங்கள். அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை அக்கொப்பியே சொல்லும்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வளவையும் கேட்ட பெரியோர் சிலர், "அக்காலத்து வித்துவான்கள் தந்தியின் பருமனை அளந்து பார்த்தா வாசித்தார்கள்? கிடைத்த தந்தியிலே தேனாக வாசித்தார்களே!" என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. தந்தியின் குறையைத் தம் கையின் நயத்தினால் மறைக்க அவர்களால் முடிந்தது. பல்லாண்டுச் சாதகம் அந்த வல்லமையை அவர்களுக்குத் தந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வல்லமை இல்லை. கிடைத்ததைக் கொண்டு வாசிப்பது வித்துவானுக்குப் பெருமை. கிடைத்ததைப் பிள்ளையின் கையிலே திணிப்பது நமக்குப் பெருமையாகாது.

இசையைக் கணக்கினால் அளப்பது கலைக்கு இழுக்கு என்று கருதுவோரும் உளர். அவர்களுக்கு விபுலானந்த அடிகளாரை நினைவூட்டுவேன். விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் கற்பித்த அப்பெரியார், வழக்கொழிந்து போன யாழைக் கணக்கின் துணை கொண்டும் ஆராய்ந்து 1947 இலே "யாழ்நூலை" நமக்குத் தந்தார். அவர் கையிலே கணக்கு இசைக்குப் பகையாகவில்லை, தொண்டாயிற்று. ஈழத்து மண்ணிலே பிறந்த நமக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேறு வேண்டுவதில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக நமது சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சங்க அலுமாரியிலே மூன்று வயலின்கள் இருக்கின்றன. சங்கத்தின் மீது பற்றுக்கொண்டோர் அன்பளிப்பாகத் தந்தவை அவை. "ஓசை நன்றாயில்லை, அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்குவோம்" என்று ஒரு யோசனை முன்வைக்கப்பட்டிருப்பதாக அறிகின்றேன். புதியன வாங்குவதை நான் தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்றே கேட்கின்றேன்.

மூன்றனுள் ஒன்றை எடுத்துக் கைதேர்ந்த தச்சர் ஒருவரிடம் கொடுத்துக் குதிரையையும் உட்தூணையும் ஒழுங்கு செய்விப்போம். வகுப்பிலே வழங்கும் சுருதிக்கு ஏற்ற பருமனுடைய தந்திகளைப் பூட்டுவோம். மற்ற இரண்டையும் இருந்தபடியே விடுவோம். ஒரு மாதத்தின் பின், இதே மண்டபத்திலே ஒரு திரையைக் கட்டி, அதன் பின்னாலிருந்து ஒரே ஆசிரியர் ஒரே வர்ணத்தை மூன்று வயலின்களிலும் வாசிக்கட்டும். எது எதுவென்று அறியாமல் நாம் எல்லோரும் கேட்போம். கேட்டதைக் கடதாசியில் எழுதிக் கொடுப்போம். வேறுபாடு இல்லையென்று செவிகள் சொன்னாற் புதியன வாங்குவதற்கு முதலிற் கை உயர்த்துபவன் நானாகவே இருப்பேன். வேறுபாடு உண்டென்று சொன்னால், ஒரு வயலின் வாங்கும் பணத்திலே மூன்று வயலின்கள் உயிர் பெறும். மூன்று பிள்ளைகள் அவற்றைக் கையிலெடுப்பார்கள்.

நிருவாக சபையார் இவ்விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்திலே எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.